கிருஷ்ணகிரி: குள்ளர் வீடும் வேடியப்பனும் காத்து வைத்த மாவட்டம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் பலர் கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் குறுக்கே கடந்து போகிறார்கள். மாம்பழக்கூழ் ஆலைகள், சுங்கச்சாவடி, ஓசூர் தொழிற்பேட்டை என்று மூன்று அடையாளங்களோடு அந்த மாவட்டம் அவர்கள் மனதில் முடிந்துவிடும். கீழடி தெரியும், ஆதிச்சநல்லூர் தெரியும். மயிலாடும்பாறை என்று சொன்னால் "தேனிப் பக்கத்து ஊர்தானே?" என்பார்கள். தேனியில் அந்தப் பேரில் ஓர் ஊர் இருப்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டு இரும்பின் காலத்தை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளிய மயிலாடும்பாறை கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் வட்டத்தில், தொகரப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாவட்டம் என்ற அளவில் இதற்கு வயது அதிகமில்லை. சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரி பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆந்திரமும் கர்நாடகமும் இரண்டு பக்கம் தொட்டுக்கொண்டிருக்கிற மூலை. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். கிழக்கே ஊத்தங்கரைப் பக்கம் தாழ்ந்த நிலம், மேற்கே ஓசூர் பக்கம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலம். இடையில் எங்கே பார்த்தாலும் கருங்கல் குன்றுகள், செம்மண், மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகள், தென்பெண்ணை ஆறு. கேழ்வரகும் ஆடுமாடும்தான் இந்த மண்ணின் பழைய செல்வம். இந்த நில அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் இங்குள்ள தொல்லியலில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இந்த மாவட்டத்தில் தொல்பொருள்களையும் நாட்டார் கதைகளையும் தனித்தனியே பிரித்து எழுத முடியாது. செத்தவருக்காகக் கற்பலகைகளால் எழுப்பிய சின்னத்தை ஆய்வாளர் கல்திட்டை என்று எழுதுவார், ஆடு மேய்ப்பவர் குள்ளர் வீடு என்பார். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல் ஆய்வாளருக்கு எட்டாம் நூற்றாண்டு நடுகல், ஊருக்கு அது வேடியப்பன் சாமி. கதை வரலாற்றுப்படி தப்பாக இருக்கலாம், பெரும்பாலும் தப்புதான். ஆனால் கல்லை அந்த இடத்திலேயே இத்தனை காலம் நிறுத்தி வைத்தது அந்தக் கதைதான். கல்லை உடைத்துப் போட்டதும் சில சமயம் இன்னொரு கதைதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மயிலாடும்பாறை. குன்றுகளுக்கு நடுவே வாழ்விடமும் ஈமக்காடும் சேர்ந்து கிடக்கிற இடம் இது. புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள், பாறை ஓவியங்கள், இரும்புக்காலப் புதைகுழிகள் எல்லாம் ஒரே சுற்றுவட்டாரத்தில் கிடைக்கின்றன. 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் இங்கே முதலில் அகழாய்வு செய்தார். 2021-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மறுபடியும் குழி போட்டது. அப்போது ஒரு புதைகுழியில் நீண்ட இரும்பு வாள் ஒன்றும் கிடைத்தது. இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்குகளிலிருந்து கரித்துண்டு மாதிரிகள் இரண்டை எடுத்து அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்கு கி.மு. 1615 என்றும், அதைவிட ஆழத்தில் கிடைத்த மற்றொன்றுக்கு கி.மு. 2172 என்றும் விடை வந்தது. 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதுவரை தமிழ்நாட்டில் இரும்புக்குக் கிடைத்திருந்த பழைய காலம், மேட்டூர் பக்கத்து மாங்காட்டில் கண்ட கி.மு. 1510.

இந்த எண்ணைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். செய்தித்தாள்கள் அதை விட்டுவிட்டன. ஒன்று, காலம் கணித்தது இரும்பை வைத்து அல்ல, அதே அடுக்கில் கிடந்த கரியை வைத்து. கரியில் எஞ்சியிருக்கும் ஒருவகைக் கார்பன் அணுக்களை எண்ணி, அந்த மரம் எப்போது செத்தது என்று கணக்கிடுகிறார்கள். கரியும் இரும்பும் ஒரே காலத்தில் அந்த அடுக்கில் விழுந்தவை என்பதை மண்ணைத் தோண்டியவரின் கவனம்தான் உறுதிசெய்ய வேண்டும். இரண்டு, 2172 என்பது ஒரு பிறந்த நாள் போல அச்சடித்த ஆண்டு அல்ல. ஒரு கால வீச்சின் நடுப்புள்ளி. அதனால் அந்த நூற்றாண்டை ஒட்டி என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அதுவே போதும். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கரட்டில் இரும்பு இருந்தது என்றால், காட்டை வெட்டி நிலம் ஆக்கியது எப்போது தொடங்கியது என்ற கேள்வியே வேறு உருவம் எடுக்கிறது. இதைவிட மூத்த காலங்களைத் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். ஆகவே முதலிடம் என்ற பட்டம் மயிலாடும்பாறைக்கு மூன்று ஆண்டுகூட நிலைக்கவில்லை. பட்டத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பது அரசியல் மேடைக்குத் தேவைப்படலாம். மயிலாடும்பாறையின் தனிச்சிறப்பு வேறு: புதிய கற்காலம் முடிந்து இரும்புக்காலம் தொடங்குகிற மாற்றத்தை இங்கே ஒரே இடத்தில் அடுக்கடுக்காகப் பார்க்க முடிகிறது. இரும்புக்காலத்தின் அடையாளமென்று நாம் பள்ளியில் படித்த கறுப்பு சிவப்புப் பானை, அதற்கு முந்தைய புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே இங்கு வந்துவிட்டது.

ஏன் இந்த வறண்ட மேட்டில்? சேலத்திலும், பழைய நாளில் பாராமகால் என்று பேர் பெற்ற இந்தக் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் இரும்புத்தாது உண்டு. அடுப்பெரிக்கக் காடு பக்கத்திலேயே இருந்தது. இந்த வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை சிறு உலைகளில் இரும்பு உருக்கினார்கள். நெல் விளையாத ஊர் பின்தங்கிய ஊர் என்ற எண்ணம் ஆற்றுச் சமவெளிக்காரர்கள் எழுதிய வரலாற்றிலிருந்து வந்தது. இரும்புக்கு வேண்டியது கல்லும் கரியும்தான், அவை இரண்டும் இங்கே காலடியிலேயே கிடந்தன.

அடுத்து மல்லசந்திரம். மாவட்டத்தின் மேற்குப் பாதியில் ஒரு பாறைக்குன்றின்மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. அந்தக் குன்றை உள்ளூரில் மோரல் பாறை என்பார்கள். ஈமச்சின்னங்களில் பல வகை. பிணத்தையோ எலும்பையோ வைத்த குழியைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கினால் கல்வட்டம். மண்ணுக்கு அடியில் கற்பலகைகளால் பெட்டி செய்தால் கல்பதுக்கை. அந்தப் பெட்டியையே தரைக்கு மேலே எழுப்பினால் கல்திட்டை. மல்லசந்திரத்தில் பாறைமேல்தான் எழுப்பியிருக்கிறார்கள், தோண்ட மண் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு திட்டையை நின்று நிதானமாகப் பார்த்தால்தான் வேலையின் நயம் புரியும். நான்கு கற்பலகைகளைச் சதுரமாக நிறுத்துகிறார்கள். ஆனால் மூலையில் முனையோடு முனை சேர்ப்பதில்லை. ஒவ்வொரு பலகையும் அடுத்ததைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்கும், காற்றாடி இறக்கைபோல. மேலே மூடுகல்லை ஏற்றியதும் அதன் பாரம் பலகைகளை உள்ளே சாய்க்கப் பார்க்கும். ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் எதுவும் விழாது. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்பார்கள். கருங்கல் பலகையில் இவ்வளவு வட்டமாகத் துளை போட எத்தனை நாள் தட்டியிருப்பார்கள் என்று தோன்றும். சுற்றிலும் இன்னும் கற்பலகைகள், சிலவற்றுக்குத் தலை வளைவாகவும் சிலவற்றுக்குத் தட்டையாகவும் செதுக்கி, மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் திட்டை ஒரு பூவுக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி இருக்கும். சில திட்டைகளின் உட்பலகையில் வெள்ளை நிற ஓவியங்களும் உண்டு. இந்தக் கருங்கல் இயல்பாகவே ஏடு ஏடாகப் பிரியும். சூடாக்கிப் பிளந்தெடுப்பது சுலபம். ஆனால் பிரித்த பலகையைத் தூக்கி நிறுத்தவும், மூடுகல்லை மேலே ஏற்றவும் ஒரு ஊரே வேண்டும். செத்தவர் ஒருவருக்காக இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள் என்றால் அவருக்கு ஒரு செல்வாக்கு இருந்திருக்கும், அந்த ஊரில் எல்லோரையும் கூட்டுகிற ஓர் ஏற்பாடும் இருந்திருக்கும்.

இதைப் பற்றிய கதைக்கு வருவோம். தென்னிந்தியாவின் மேட்டுநிலங்களில் பல இடங்களில் சொல்கிற கதைதான் இங்கேயும். அந்தக் காலத்தில் ஒரு சாண், ஒரு முழம் உயரத்தில் குள்ள மனிதர்கள் இருந்தார்களாம். ஆள் சிறியவர், பலம் யானைப் பலம். ஒரு நாள் வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து, தப்பிக்கக் கல்லிலே வீடு கட்டி, வட்ட வாசல் வழியாக உள்ளே புகுந்துகொண்டார்கள். மழை பெய்தது, கல் சுட்டது, உள்ளேயே எல்லோரும் மாண்டார்கள். குள்ளர் வீடு, மோரியர் வீடு என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். மோரியர் என்றதும் மௌரியப் படையெடுப்போடு முடிச்சுப் போடத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. திட்டைகள் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள், எந்தப் பேரரசின் படைவீடும் அல்ல.

இந்தக் கதையைச் சும்மா மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதையைக் கட்டியவர் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் கட்டியிருக்கிறார். வாசல் இரண்டு சாண் அகலம் என்றால் குடியிருந்தவர் எவ்வளவு உயரம் இருப்பார்? கல் இவ்வளவு கனம் என்றால் தூக்கியவருக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும்? உள்ளே எலும்பு கிடக்கிறதே, அப்படியானால் உள்ளேதானே செத்தார்கள்? ஒவ்வொன்றும் பார்த்து எடுத்த முடிவு. செத்த பிறகு உள்ளே வைத்தார்கள் என்ற ஒன்று மட்டும் விட்டுப்போனது, ஏனென்றால் அப்படிப் புதைக்கிற வழக்கம் அதற்குள் மறைந்துவிட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பயம். குள்ளர் மாண்ட இடத்தில் இரவில் போகக்கூடாது, கல்லை எடுத்து வீட்டுக்குப் போட்டால் ஆகாது. இந்தப் பயம் எந்தச் சட்டமும் செய்யாத காவலைச் செய்தது.

இதே சின்னங்களை வேறு பல இடங்களில் பாண்டவர் வீடு, பாண்டவர் குழி என்பார்கள். வனவாசத்தில் பஞ்சபாண்டவர் தங்கினார்களாம். தமிழ்நாட்டில் புரியாத பழைய கல்லெல்லாம் ஏன் பாண்டவர் கணக்கில் போய்ச் சேருகிறது என்று யோசித்தால், இந்த வடமாவட்டங்களில் விடை கோயில் வாசலிலேயே இருக்கிறது. கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், நாள்கணக்கில் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசுக்குக் கம்பம் நட்டு வேடக்காரர் மேலே ஏறுவார். கடைசி நாள் ஊருக்கு வெளியே மண்ணால் ஆள் நீளத்தைவிடப் பெரிதாகத் துரியோதனனைச் செய்து படுகளம் நடக்கும். பாரதம் தன் ஊர் மண்ணிலேயே நடந்து பார்த்தவர்களுக்கு, பாண்டவர் பக்கத்துக் குன்றில் தங்கினார்கள் என்பதில் என்ன வியப்பு?

பாறை ஓவியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பர்கூர் பக்கத்து மல்லப்பாடியில் 1978-இல் கே.வி. ராமன் கண்டுபிடித்ததுதான் தமிழ்நாட்டில் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்த பாறை ஓவியம் என்பார்கள். குதிரைமேல் ஏறிய இருவர் ஆயுதத்தோடு மோதுகிற காட்சி அது. இந்த வட்டாரத்து ஓவியங்களில் வெள்ளை நிறமே மிகுதி. மகாராஜகடை உட்பட வேறு பல குன்றுகளிலும் உண்டு. பலவற்றின் மேல் இன்று காதலர் பேரும் கட்சிக்கொடியும் ஏறியிருக்கின்றன. ஓவியத்துக்குக் கதை கிடையாது, கதை இல்லாததால் காவலும் கிடையாது.

நடுகல்லில்தான் இந்த மாவட்டம் உண்மையில் பெரிய மாவட்டம். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி மூன்றையும் சேர்த்தால் தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிக அடர்த்தியாகக் கிடைக்கிற நிலப்பரப்பு அதுதான். 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் அரசு தொல்லியல் துறை செங்கம் பகுதியிலும் அடுத்துத் தருமபுரிப் பகுதியிலும் தேடியபோது, காட்டிலும் கொல்லையிலும் நின்ற கற்கள் வரிசையாக வெளிவந்தன. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் பல்லவர் காலத்தில் எழுதியவை பல.

காரணம் நிலமும் எல்லையும். ஆடுமாடுதான் சொத்து. சொத்து தானாக நடந்து போகும், ஆகவே திருடுவதும் சுலபம். இந்த மேட்டுநிலம் எந்தப் பேரரசின் நடுவிலும் இருந்ததில்லை. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர், பிறகு சோழர், ஒய்சளர் என்று யாராவது ஒருவரின் எல்லையாகவே இருந்தது. எல்லையில் பெரும்போர் எப்போதாவதுதான் நடக்கும். மாடு பிடித்துப் போவதும் துரத்திப் போய் மீட்பதும் அடிக்கடி நடக்கும். மாட்டு மந்தையைக் கல்வெட்டுகள் தொறு என்கின்றன. "இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் தொறுக் கொண்டபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் மீட்டுப் பட்டான் கல்" என்பதுதான் வாய்பாடு. பட்டான் என்றால் செத்தான். நான்கைந்து வரியில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். அரண்மனையும் கோயிலும் எழுதிய கல்வெட்டில் இடம்பெறாத மாட்டுக்காரனும் காவல்காரனும் இங்கே பேரோடு, ஊரோடு, தலைவன் பேரோடு வருகிறார்கள். பல அரசர்களின் ஆட்சியாண்டுகளைச் சரிபார்க்கவும் இந்தக் கற்கள் கைகொடுக்கின்றன. எனக்கு அது இரண்டாம்பட்சம்.

உருவத்தைப் பாருங்கள். பழைய கற்களில் வீரன் பக்கவாட்டில் திரும்பி நிற்பான், இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், முன்கால் மடங்கி அடியெடுத்து வைத்த நிலை. உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் மூக்குள்ள ஒரு கெண்டி, சிமிழ் போன்ற பொருள்கள். செத்தவனுக்குப் படைத்த கள்ளாக இருக்கலாம் என்பார்கள். பிற்காலத்து ஒய்சள, விஜயநகரக் கற்களில் இதே கதை அடுக்கடுக்காகிவிடும்: கீழே சண்டை, நடுவே தேவமகளிர் தோளைத் தாங்கி மேலே கூட்டிப்போவது, உச்சியில் சிவலிங்கத்தின் முன் வீரன் உட்கார்ந்திருப்பது. ஒய்சள மன்னன் இராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் தலைநகராக்கிக்கொண்ட குந்தாணி, இன்றைய சின்னகொத்தூர்ப் பகுதி. அங்கே இத்தகைய கற்கள் நிறைய.

மாவட்ட எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் ஒருவன் பட்டான். அவன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, "கோவிவன் என்னும் நாய்" கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்டச் செலவு செய்த ஊர் அது.

கல் நட்டவுடன் வேலை முடிவதில்லை. தொல்காப்பியம் சொல்கிற முறைப்படி கல்லைத் தேடிக் கண்டு, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். அந்தக் கடைசி இரண்டும் இன்னும் நின்றுபோகவில்லை என்பதுதான் இந்த வட்டாரத்தின் அதிசயம். வீரன் பேர் மறந்துபோய்விட்டது, எழுத்தைப் படிக்க ஆளில்லை, ஆனாலும் வில்லோடு நிற்பவர் வேடியப்பன் ஆகிவிட்டார். வேப்பமரத்தடியில் கல், முன்னால் வேல், சுற்றிலும் நேர்த்திக்கு வைத்த மண்குதிரை, வருஷத்துக்கு ஒரு பொங்கல், கிடாவெட்டு. பலருக்குக் குலதெய்வம் அவர்தான். மாடு காணாமல்போனால் வேடியப்பனிடம் முறையிடுவார்கள். மாட்டுக்காக உயிர் விட்டவரிடம் மாட்டைப் பற்றி முறையிடுவது தற்செயலாக அமைந்ததா, எங்கோ அடியில் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் படிப்பவர் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். மாட்டுப் பெருமை மட்டும் குறையவில்லை. பொங்கல் முடிந்ததும் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கிறது, தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்க நடுவே எருது பறக்கும்.

கன்னடம் பேசுகிற மேற்குப் பக்கத்தில் இன்னொரு வகைக் கல் உண்டு. மாஸ்திக்கல். ஒரு தூணிலிருந்து ஒரு பெண்ணின் கை மட்டும் முழங்கையில் மடங்கி மேலே நீட்டியிருக்கும், கை நிறைய வளையல். சில கற்களில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். உடன்கட்டை ஏறியவளுக்கு நட்டது. வளையல் உடையாமல் இருப்பது அவள் சுமங்கலியாகவே போனாள் என்று காட்ட. ஊரில் மாஸ்தியம்மன் என்று கும்பிடுகிறார்கள். வீரக்கல்லில் ஆணின் பேரும் ஊரும் பெரும்பாலும் இருக்கும், மாஸ்திக்கல் பலவற்றில் அவள் பேர் இருக்காது. கும்பிட்டாலும் சரி, ஆராய்ந்தாலும் சரி, இதை மறக்கக்கூடாது.

வழிபாடு கல்லைக் காப்பாற்றுகிறது, எழுத்தை அழிக்கிறது என்பதும் உண்மை. நூற்றாண்டுக்கணக்கில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு. இப்போது எனாமல் பெயின்ட். அதற்கு மேல் சிமெண்ட் பூசிக் கண், மீசை வைத்து, டைல்ஸ் பதித்துக் கோயில் கட்டிவிடுகிறார்கள். எழுத்து உள்ளே போய்விடும். கல்வெட்டைப் படியெடுக்க வருகிறவர்கள் முதலில் பூசாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். நாள் பார்ப்பார், சில இடத்தில் பூ போட்டுக் கேட்பார். சரி என்றால் கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்து அழுக்கெடுக்கிறார்கள். அப்புறம் நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் தட்டுகிறார்கள். எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும். தாள் கொஞ்சம் காய்ந்து ஈரம் மட்டும் மிச்சமிருக்கும்போது, மை தொட்ட துணிப்பந்தால் மேலாக ஒற்றுவார்கள். கல்லின் மேல்பரப்பு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. வெறுங்கண்ணுக்குத் தெரியாத வட்டெழுத்து அந்தத் தாளில் சட்டென்று எழுந்து வரும்போது, சுற்றி நிற்கிற ஊர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: "புதையல் எங்கே இருக்குன்னு எழுதியிருக்கா?"

கல்லை உடைக்கிற கதை என்று முன்னால் சொன்னேனே, அது இந்தப் புதையல் கதைதான். இதற்குக் கோட்டைகளும் ஒரு காரணம். பாராமகால் என்பது பன்னிரண்டு கோட்டை நாடு. விஜயநகர அரசுக்குக் கீழே இந்தப் பகுதியை ஆண்ட ஜெகதேவராயர் தன் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொடுத்தார் என்பது வாய்மொழி. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை என்று கோட்டைப் பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஐதர் அலியும் திப்புவும் ஆண்ட பிறகு, 1791-இல் ஆங்கிலேயர் ராயக்கோட்டையைப் பிடித்தார்கள், கிருஷ்ணகிரி மேல்கோட்டையில் மட்டும் ஏற முடியாமல் திரும்பினார்கள். அந்த மலையை இன்று சையத் பாஷா மலை என்பார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட்டுப் பார்த்த அனுபவத்திலிருந்துதான், உழவரிடமே அரசு நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை வளர்ந்தது. இவ்வளவு பெரிய நிர்வாக வரலாறு நடந்த இடத்தில் மக்கள் நினைவில் நின்றது, திப்பு ஓடும்போது தங்கத்தை மலையில் புதைத்துவிட்டுப் போனார் என்பது மட்டுமே.

அதன் விளைவு கோட்டையோடு நிற்கவில்லை. தரைக்கு மேல் தெரிகிற பழைய கல் எதுவானாலும் அதன் அடியில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை பரவிவிட்டது. கல்திட்டையின் மூடுகல்லைப் புரட்டிப் போட்டிருப்பதும், கல்வட்டத்தின் நடுவே குழி தோண்டியிருப்பதும், நடுகல்லைப் பெயர்த்துச் சாய்த்திருப்பதும் இந்த மாவட்டத்தில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை. குள்ளர் கதையின் பயத்தைப் புதையல் கதையின் ஆசை தோற்கடித்துவிட்டது. உள்ளே இருப்பது என்ன? உடைந்த பானை, துருப்பிடித்த இரும்பு, சில சூதுபவள மணி, எலும்புத்துண்டு. தோண்டியவருக்கு ஒன்றும் கிடைக்காது, மண்ணடுக்கு மட்டும் குலைந்துபோகும். மயிலாடும்பாறையில் கரித்துண்டை வைத்துக் காலம் சொல்ல முடிந்தது அந்த அடுக்கு குலையாமல் இருந்ததால்தான்.

புதையல்காரர்களைவிடப் பெரிய இயந்திரங்களும் வந்துவிட்டன. பர்கூர், ஜெகதேவி வட்டாரத்துக் கருங்கல்லுக்கு வெளிநாட்டுச் சந்தை உண்டு. திட்டை கட்டியவர்களுக்குப் பிடித்த அதே கல். குவாரி வரும் குன்றில் ஈமச்சின்னம் இருக்கிறதா என்று யாராவது முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தால்தான் அது தப்பும். தமிழ்நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடங்களுக்குக் காவல் உண்டு. மல்லசந்திரம் அப்படிப்பட்டது. அறிவிக்காதவை பல மடங்கு. மண்ணுக்குள் கிடைக்கும் பொருளுக்கு இன்னும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்தான். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!

நடுகல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதா, கொல்லையிலேயே விடுவதா என்ற வாதம் இங்கே ஓயாது. கேட்பாரற்றுச் சாலையோரத்தில் சாய்ந்து கிடப்பதை எடுத்துப்போவதில் தவறில்லை. கும்பிடுகிற கல்லை எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. எடுத்தால் ஊருக்குச் சாமி போகும், ஆய்வாளருக்கு இடம் போகும். எந்த வழியில், எந்த ஓடைக்கரையில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுதான் மாடு எந்தத் திசையில் போனது, சண்டை எங்கே நடந்தது என்பதற்கான சாட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடைக்காது.

2024-இல் ஊத்தங்கரை வட்டத்துச் சென்னானூரில் அரசு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது, அங்கும் புதிய கற்காலக் கருவிகள் கிடைத்தன. ஆனால் இந்த மாவட்டத்தில் புதிய தகவலில் பெரும்பகுதி அகழாய்வுக் குழியிலிருந்து வருவதில்லை. உள்ளூர் ஆசிரியர்களும் வரலாற்று ஆர்வலர்களும் விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, "இங்கே பாண்டவர் குழி ஏதாவது உண்டா? வேடியப்பன் கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுத்தான் கற்களைக் கண்டுபிடிக்கிறார்கள். தொல்லியல் கலைச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. குள்ளர் வீடு என்றால் பத்து வயதுப் பையன் கையைப் பிடித்து அழைத்துப் போவான். இதில் ஒரு சிக்கல் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், குன்றின்மேல் ஏற யாருக்கும் வேலை இல்லை. வரைபடத்தில் ஏறாத பேர்கள் அந்தத் தலைமுறையோடு போகும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் இப்படி ஒரு கல்லைப் பார்த்தால், கழுவவோ சுரண்டவோ சாக்கட்டியால் எழுத்தின்மேல் கோடிழுக்கவோ வேண்டாம். அளவு தெரிய ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். இடத்தைக் குறித்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லலாம். குறிப்பு எழுதும்போது நடுகல், கல்திட்டை என்பதோடு நிறுத்தாமல், பக்கத்துக் கொல்லைக்காரர் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், என்ன கதை சொல்கிறார் என்பதையும் அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.